வட்டார மருத்துவமனைகள், மருந்தகங்கள், ஆய்வகங்கள் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், இப்பேரவைக்கு நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வர இயலாமல் இவ்வறிக்கையைப் பின்னர் வாசிக்கக்கூடிய பெரும்பான்மை உறுப்பினர்களுக்கும் எனது வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூட வேண்டும் என்பது விதி. கோரம் எனப்படும் குறைந்தபட்ச வருகை சேர்ந்த மாதங்களில் கூடியது. ஜூலை முதல் தேதி மருத்துவர் தினமும், தை மாதத்தில் குடும்பப் பொங்கல் விழாவும் வழக்கம்போல் நடைபெற்றன. பொங்கல் விழாவுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தபோது சங்கத்தில் இத்தனை பேர் இருக்கிறோம் என்பது எனக்கே நினைவுக்கு வந்தது. மருத்துவக் கழிவு அகற்றுதல் குறித்து ஒரு விளக்கக் கூட்டமும், இலவசக் கண் பரிசோதனை முகாமும் நடத்தப்பட்டன. ஆண்டுக்குள் மறைந்த மூத்த உறுப்பினர்களுக்குச் சங்கம் அஞ்சலி செலுத்துகிறது.

இனி, சென்ற பேரவை என்னிடம் ஒப்படைத்த பணியான கூட்டு அவசரக்காலத் திட்டம் பற்றிச் சற்று விரிவாகக் கூற அனுமதி வேண்டுகிறேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, மன்னார்குடிப் பகுதிகளில் மின்கம்பங்களும் தென்னை மரங்களும் சாலைகளின் குறுக்கே சாய்ந்து, கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்து, 108 ஊர்தி புறப்பட்டாலும் ஊர் போய்ச் சேர வழியில்லாமல் இருந்த நிலையை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய துயரங்கள் நேர்ந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பார்த்துக்கொள்ளும், நாம் எதற்கு என்று கேட்கும் உறுப்பினர்களுக்கு அந்த இரவுதான் பதில். திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ போகச் சாலை இல்லாதபோது காயம்பட்டவரைக் கட்டிலோடு தூக்கிவந்தவர்கள், நடந்து எட்டக்கூடிய தூரத்தில் எந்த மருத்துவமனையில் விளக்கு எரிந்ததோ அதன் வாசலில்தான் இறக்கினார்கள். அங்கே ஜெனரேட்டர் இருந்து டீசல் இல்லாமலும், அடுத்த தெருவில் டீசல் இருந்து மருத்துவர் இல்லாமலும் போனதற்குக் காரணம் பற்றாக்குறை மட்டுமன்று. யாரிடம் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாதிருந்ததும் ஆகும்.

எனவே திட்டத்தின் முதற்பகுதியாக ஓர் இருப்புப் பதிவேடு தயாரிக்க முடிவு செய்யப்பட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ள படுக்கைகள், ஆக்சிஜன் சிலிண்டர்கள், ஜெனரேட்டரின் திறன், அது முழு டீசலில் எத்தனை மணி நேரம் ஓடும் என்ற விவரம், பாம்புக்கடி மருந்து, டயாலிசிஸ் இயந்திரங்கள், தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் காக்கும் குளிர்பெட்டி, இரவில் தங்கும் பணியாளர்கள் ஆகியவை அதில் இடம்பெறும். இரண்டாம் பகுதி, யார் எதை ஏற்பது என்பது. டயாலிசிஸ் நோயாளிக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை சிகிச்சை தேவை. மின்சாரம் ஒரு வாரம் இல்லையென்றால் அவர் எங்கே போவார் என்பதைப் புயல் சின்னம் உருவாகும்போதே தீர்மானித்தாக வேண்டும். பேறுகாலம் நெருங்கிய தாய்மார்களை முன்கூட்டியே நகர்த்துவதும் அப்படியே. மூன்றாம் பகுதி, வெள்ளம் வடிந்த பிறகு வருவது. வயல் வரப்புகளில் ஒதுங்கிய பாம்புகளால் கடிபடுவோர் முதலில் வருவார்கள். பின்னர் வயிற்றுப்போக்கும், எலிக்காய்ச்சலும், தேங்கிய நீரில் கொசு பெருகியபின் டெங்குவும் வரும். குடிநீர்க் குழாயின் கடைசி முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பதும், நோய்ப்பரவல் காலத்தில் அதனை 0.5 வரை உயர்த்த வேண்டும் என்பதும் உள்ளாட்சியின் பொறுப்பே. ஆனால் எந்தத் தெருவில் நீர் கெட்டிருக்கிறது என்பதை முதலில் அறிவது அத்தெரு மக்கள் வந்து நிற்கும் நமது கிளினிக்குகள்தான். தொற்றுநோய் அறிகுறிகளைச் சுகாதார அலுவலருக்குத் தெரிவிக்கும் கடமையை 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமே மருத்துவர்மீது சுமத்தியிருக்கிறது என்பதை இங்கு நினைவூட்டுவது மரியாதைக் குறைவாகக் கொள்ளப்படாது என்று நம்புகிறேன்.

இத்திட்டம் அரசின் ஏற்பாட்டுக்குப் போட்டியன்று. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட அமைப்புக்கு ஆட்சியரே தலைவர். கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணும், 108 சேவையும் இருக்கின்றன. அவர்கள் நம்மிடம் கேட்கும் நேரத்தில் கையில் கொடுக்க ஒரு தாள் இருக்க வேண்டும் என்பதே நமது நோக்கம்.

இப்போது பதிவேட்டின் நிலை. படிவத்தை அனைத்து உறுப்பினர்களுக்கும் அனுப்பினோம். நிரப்பித் திருப்பியவர்கள் பாதிக்குச் சற்று மேல். சிலர் படுக்கை எண்ணிக்கையை எழுதினால் அது வேறு அலுவலகங்களுக்குப் போய்விடும் என்று அஞ்சினார்கள். சிலர் தமது ஆக்சிஜன் இருப்பை எதிர்வீட்டு மருத்துவமனை அறிவதை விரும்பவில்லை. ஒருவர் ஜெனரேட்டர் என்ற இடத்தில் ‘உண்டு’ என்று மட்டும் எழுதி அனுப்பினார். அது ஓடுமா என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. இத்தனை ஆண்டுகளாகத் தேநீர்க் கோப்பையோடு ஒன்றாக அமர்ந்தவர்கள், ஒருவர் கையிருப்பை மற்றவரிடம் சொல்ல இத்தனை தயங்குவது எனக்கு வருத்தமளித்தது. விருந்தினர் பந்தியில் அமர்ந்த பின் இலை எண்ணத் தொடங்குவதைப் போல, தண்ணீர் தெருவுக்கு வந்தபின் ஒருவரையொருவர் தொலைபேசியில் தேடுவதா என்று செயற்குழுவில் கேட்டேன். குறிப்பேட்டில் அது பதிவாகியிருக்கிறது.

ஒத்திகை ஒன்றும் நடத்தப்பட்டது. பேருந்து கவிழ்ந்து பலர் ஒரே நேரத்தில் வருவதாகக் கொண்டு, உடனடியாகக் கவனிக்க வேண்டியோருக்குச் சிவப்பும், காத்திருக்கக்கூடியோருக்கு மஞ்சளும், நடக்கக்கூடியோருக்குப் பச்சையும், இறந்தோருக்குக் கறுப்பும் அட்டை கட்டிப் பழகினோம். செவிலியர்களும் ஆய்வகப் பணியாளர்களும் ஆர்வத்தோடு செய்தார்கள். மருத்துவமனை உரிமையாளர்களில் பலருக்கு அன்று வேறு பணி இருந்தது. ஒருவர் தமக்குப் பதிலாகத் தமது கார் ஓட்டுநரை அனுப்பினார். அவர் நன்றாகவே செய்தார், அடுத்த முறையும் அவரையே அனுப்பலாம்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியதால் நமக்குக் கனமழையோடு போயிற்று. அந்த மழையில் பதிவேட்டைக் கொண்டு இரண்டு டயாலிசிஸ் நோயாளிகளை மின்சாரம் உள்ள இடத்துக்கு மாற்ற முடிந்தது. படிவம் கொடுத்த உறுப்பினர்களின் மருத்துவமனைகளுக்குள் மட்டுமே அது நடந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவைவிடச் செலவு சற்று மிகுந்து, முந்தைய இருப்பால் ஈடுகட்டப்பட்டிருக்கிறது. ஒத்திகைக்கும் படிவ அச்சுக்கும் ஆன தொகையைப் பற்றிப் பேச்சு எழுந்ததை அறிவேன்; அது பொங்கல் விழாச் செலவைவிடக் குறைவு. சந்தா நிலுவை மூன்றாண்டுகளாகத் தொடரும் உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியலை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

வட்டார மருத்துவ அலுவலர், தீயணைப்பு நிலையத்தினர், மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்த உரிமையாளர், தணிக்கையாளர் ஆகியோருக்கும், துணைச்செயலாளருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். 2028இல் கும்பகோணத்தில் மகாமகம் வருகிறது. 1992 மகாமக நெரிசலில் உயிரிழப்பு நேர்ந்ததை மூத்தவர்கள் அறிவார்கள், அத்தகைய கூட்டத்தின்போது டெல்டா முழுவதுமே மருத்துவப் பணியாளர்களைக் கேட்கும். அதற்குள் பதிவேடு முழுமையடைய வேண்டும். மீண்டும் இப்பொறுப்பை ஏற்குமாறு சிலர் அன்போடு வற்புறுத்துகிறார்கள். இளையவர் ஒருவர் முன்வந்தால் கோப்புகளை இன்றே ஒப்படைப்பேன். யாரும் வரவில்லையென்றால், செப்டம்பர் முடிவதற்குள் நிரப்பிய படிவங்கள் என் கைக்கு வரும் என்ற உறுதியின்பேரில் மட்டுமே தொடர இயலும். வெற்றுப் படிவங்கள் நுழைவாயில் மேசையில் உள்ளன. பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு அதே மேசையில்தான் அமர்ந்திருக்கிறார்.

இங்ஙனம்,
செயலாளர்