குளியலறைப் படியின் உயரம் என்ன? மூத்தோர் விடுமுறை குறித்து ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயதான பெற்றோரை இந்தக் குளிர்காலத்தில் சொகுசுக் கப்பலில் அனுப்பலாமா, நல்ல விடுதியொன்றில் தங்க வைக்கலாமா என்று பிள்ளைகளுக்கு யோசனை சொல்லும் கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் படித்தேன். கட்டணம், உணவு, கேளிக்கை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுவிட்டு, கப்பலே மேல் என்று ஏறக்குறையத் தீர்ப்பே எழுதியிருந்தார்கள். 71 வயதான நானும் 76 வயதான என் கணவரும் இரண்டையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அனுபவித்தவர்கள். ஆகவே அக்கட்டுரையில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்ல இதை எழுதுகிறேன். புறப்பட்ட பிறகு ஏதேனும் சரிப்படவில்லை என்றால் பாதியில் மாற்றிக்கொள்ள முடியுமா என்ற கேள்வியே அது. எங்கள் வயதில் மற்றவையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் கடலைப் பற்றி. சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் சேவையை 2022 ஜூன் மாதத்தில் முதலமைச்சர் தொடங்கி வைத்ததிலிருந்து, கப்பல் என்றால் நம் வாசலிலேயே ஏறிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு வந்துவிட்டது. ஆனால் அத்தகைய கப்பல் நம் பக்கம் வருவது பெரும்பாலும் தென்மேற்குப் பருவக்காற்றால் அரபிக்கடல் கொந்தளித்துக் கிடக்கும் மாதங்களில்தான். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் தாழ்வு மண்டலங்கள் வரிசை கட்டும் நேரத்தில் அது மேற்குக் கரைக்குப் போய்விடுகிறது. 2016-இல் வர்தா, 2022-இல் மாண்டஸ், 2023-இல் மிக்ஜாம் என்று டிசம்பர் மாதப் புயல்களை வரிசையாகப் பார்த்த நமக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்று தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கும் மாதத்தில் இங்கிருந்து கடலில் உல்லாசப் பயணம் போக எவரும் துணியமாட்டார்கள்.

எனவே சென்னைக்காரருக்குக் குளிர்காலக் கப்பல் பயணம் என்றால், முதலில் விமானம் ஏறி மும்பைக்கோ கொச்சிக்கோ சிங்கப்பூருக்கோ போவது என்று பொருள். நவம்பர் முதல் மார்ச் வரை அரபிக்கடல் பொதுவாக அடங்கியிருப்பதால் மேற்குக் கரைப் பயணத்துக்கு அதுவே உகந்த பருவம். சிங்கப்பூரிலோ எந்தத் திசையில் கப்பல் போகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சுமத்ரா தீவு அரணாக நிற்கும் மலாக்கா நீரிணை வழியே பினாங்கு, புக்கெட் பக்கம் போனால் அலை குறைவு. கிழக்கே தென்சீனக் கடலுக்குள் போனால் அதே டிசம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று முகத்தில் அடிக்கும். விளம்பரத்தில் இரண்டுக்கும் ஒரே நீலக் கடலின் படத்தைத்தான் போடுகிறார்கள்.

எங்கள் மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அவள்தான் எங்களுக்கும், கணவரை இழந்து தனியே வாழும் என் நாத்தனாருக்கும் சேர்த்து, பினாங்கு போய்த் திரும்பும் மூன்று இரவுப் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். என் தந்தையார் 1950-களில் ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, நாகப்பட்டினத்திலிருந்து அதே பினாங்குக்குப் பிழைப்புத் தேடிப் போனவர். 1926-இல் கட்டப்பட்டு, 1970-களின் தொடக்கம் வரை ஓடிய அந்தக் கப்பலைப் பற்றி அவர் சொன்ன கதைகளில் பாதி வாந்தியைப் பற்றியவை. அவர் மகள் அதே ஊருக்குக் குளிர்சாதன அறையில் போகிறாள் என்ற பெருமிதம் எனக்கு இல்லாமல் இல்லை.

கப்பலில் நன்மை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பெட்டியை ஒரே ஒரு முறை பிரித்து அடுக்கிவிட்டால், பிறகு ஊர்தான் நம்மிடம் வருகிறது. விரல் மூட்டுகள் வீங்கிப்போன எனக்கு, இரண்டு நாளுக்கொரு முறை பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடும் வேலை இல்லை என்பதே பாதி விடுமுறை. சாப்பாட்டுக்கும் கச்சேரிக்கும் வெளியே வண்டி தேட வேண்டியதில்லை; மின்தூக்கியில் இரண்டு தளம் ஏறினால் போதும். கட்டுரையாளர் இதைச் சரியாகவே எழுதியிருந்தார்.

அவர் எழுதாதது குளியலறையைப் பற்றி. எங்கள் கேபினில் குளியலறை வாசலின் அடியில், தண்ணீர் வெளியே வழியாமலிருக்க, ஒரு செங்கல் உயரத்துக்குத் தடுப்பு ஒன்று இருந்தது. என் கணவருக்கு வலது முழங்காலில் செயற்கை மூட்டு பொருத்தியிருக்கிறார்கள்; இரத்த அழுத்தத்துக்காக நீர் மாத்திரை சாப்பிடுவதால் இரவில் மூன்று முறையாவது எழுந்திருப்பார். தரை இலேசாகச் சாயும் நேரத்தில், இருட்டில், அந்தத் தடுப்பைத் தாண்டிக் காலை வைப்பதென்பது அவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சோதனையாக இருந்தது. கப்பல் அசையும்போது கதவு தானாக வந்து அடித்துக்கொள்ளும் என்பதால், அதற்குப் பெட்டியை முட்டுக்கொடுத்து, விளக்கை அணைக்காமல் வைத்துவிட்டு, மூன்று இரவும் நான் அரைத்தூக்கத்தில்தான் கிடந்தேன். மூட்டு நோயாளிகளுக்குத் தடுப்பில்லாத, கைப்பிடி வைத்த கேபின்கள் சில கப்பலில் உண்டென்றும், முன்னதாகக் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமென்றும் அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மாற்றிக் கேட்டோம். எல்லாம் நிரம்பிவிட்டதாகச் சொன்னார்கள். நடுக்கடலில் வேறு கப்பலுக்கா போக முடியும்?

புறப்படும் நாளில் அவசரகால ஒத்திகை ஒன்று நடத்துவார்கள். 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்த பிறகு, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ இந்த ஒத்திகை நடந்தாக வேண்டும் என்று உலக விதியைக் கடுமையாக்கினார்கள். நல்ல விதிதான். ஆனால் ஆபத்து நேரத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்தக்கூடாது, படிக்கட்டில்தான் வர வேண்டும் என்று அவர்கள் சொன்னபோது என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கேபின் எடுக்கும்போது கடல் தெரியும் மேல்தளத்துக்கு ஆசைப்படாமல், ஆபத்து நேரத்தில் கூடுமிடத்துக்கு அருகில், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளமாகப் பார்த்து எடுப்பது மூத்தோருக்கு நல்லது. ஆட்டமும் அங்கேதான் குறைவு; கட்டணமும் குறைவு.

இன்னொன்று, தலைசுற்றல் மாத்திரை. மலைப்பாதைப் பேருந்தில் போவதற்கு முன் போட்டுக்கொள்ளும் மாத்திரைதானே என்று பலர் கைப்பையில் வைத்திருக்கிறார்கள். புரொமெத்தசின் போன்ற அம்மருந்துகள் வயதானவர்களுக்குத் தூக்கத்தையும் தடுமாற்றத்தையும் கொடுக்கும்; புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடவும் கூடும். மருத்துவரைக் கேளாமல் போடக்கூடாது. கப்பலில் வாசலுக்கு வாசல் கையில் ஊற்றும் சானிடைசரை மட்டும் நம்பவும் கூடாது. கப்பல்களில் அடிக்கடி பரவும் நோரோ வைரஸ் என்னும் வயிற்றுப்போக்குக் கிருமி அதற்கு எளிதில் அடங்காது. சோப்புப் போட்டுக் கழுவுவதே வழி.

அடுத்த தை மாதம் விடுதி. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்களில் தஞ்சாவூரில் ஆறு நாள் தங்குவதென்று நானே முடிவு செய்து, எழும்பூரிலிருந்து உழவன் விரைவு ரயிலில் இரண்டு கீழ்ப்படுக்கைகளுக்கு முன்பதிவு செய்தேன். (மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது இன்னும் திரும்பவில்லை என்பதைப் போகிற போக்கில் நினைவூட்டிவிடுகிறேன்.) கப்பலில் பட்ட அனுபவத்தால், விடுதிக்குத் தொலைபேசியில் பேசி, மேல்நாட்டுக் கழிப்பறை இருக்கிறதா, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டேன். “எல்லாம் இருக்கும்மா, நீங்க தைரியமா வாங்க” என்றார் அந்தத் தம்பி. போய்ப் பார்த்தால் கைப்பிடி இல்லை. தரையில் பதித்த பளபளப்பான ஓடு, ஈரம் பட்டால் வழுக்கும் வகை. அறையோ இரண்டாம் மாடியில், மின்தூக்கி பழுது. ஆக, விடுதிக்காரர்கள் யோக்கியர்கள் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை.

ஆனால் நடந்தது இதுதான். மேலாளரிடம் முறையிட்டதும் அன்று மாலைக்குள் தரைத்தளத்தில் அறை மாற்றிக் கொடுத்தார்கள். உட்கார்ந்து குளிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும், கால் வழுக்காமலிருக்க ரப்பர் விரிப்பும் கடைத்தெருவில் நாங்களே வாங்கிக்கொண்டோம். அதுவும் சரிப்படாமல் போயிருந்தால், அடுத்த தெருவில் வேறு விடுதி இருந்தது.

மூன்றாம் நாள் இரவு என் கணவர் எழுந்து உட்கார்ந்து, இது எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். முதலில் தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன்; பேச்சு குழறியதும் பயந்துபோய் வரவேற்பறைக்கு ஓடினேன். அவர்கள் பிடித்துக் கொடுத்த ஆட்டோவில் கால் மணி நேரத்தில் மருத்துவமனைக்குப் போய்விட்டோம். பக்கவாதம் இல்லை, இரத்தத்தில் சோடியம் குறைந்துவிட்டது என்றார்கள். நீர் மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு இது நேரக்கூடியதுதானாம். மறுநாள் பிற்பகல் அறைக்குத் திரும்பினோம். கப்பலிலும் மருத்துவர் இருக்கிறார், இரத்தப் பரிசோதனைக்கும் ஓரளவு வசதி இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பக்கவாதமாக இருந்திருந்தால்? இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் மூளையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். அடுத்த துறைமுகம் விடிந்த பிறகுதான் வரும் என்ற நிலையில் அந்தக் கணக்கு எப்படிச் சரிவரும் என்று நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

அதற்காக எல்லா விடுதியும் பாதுகாப்பு என்றாகிவிடாது. ஜனவரியில் ஊட்டிக்குப் போய் உறைபனி பார்க்க வேண்டும் என்று 2,240 மீட்டர் உயரத்துக்கு இதய நோயாளியை அழைத்துப் போகிறவர்களையும் நான் அறிவேன். விடியற்காலைக் குளிரில் நெஞ்சுவலி கூடும். இறங்கி வரும் மலைப்பாதையோ இரவில் நீளமானது. மூத்தோருக்குக் குளிர்காலத்தில் சமவெளிதான் சரி.

செலவைப் பற்றிச் சுருக்கமாக. விடுதியில் வாடகை அறைக்கு. கப்பலில் கட்டணம் ஆளுக்கு, அதுவும் ஒரு கேபினில் இருவர் தங்குவதாக வைத்துக்கொண்டு. அதனால் தனியாக வந்த என் நாத்தனார் ஏறக்குறைய இருவருக்கான தொகையைக் கட்ட வேண்டியிருந்தது. துறைமுகக் கட்டணமும் பணியாளருக்கான அன்பளிப்பும் இதற்கு மேல். ஏற்கெனவே உள்ள நோய்களையும் சேர்த்துக் காப்பீடு எடுத்தால் அது தனி. நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான விடுதி அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைந்திருப்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் பிறகு, யாருக்கு அதிகம் செலவானதோ அந்த நாத்தனார்தான் கப்பலின் பக்கம் நிற்கிறார். தஞ்சாவூருக்கும் அவர் எங்களோடு வந்தார். “விடுதியில் நீங்கள் இருவரும் உங்கள் அறைக்குப் போய்விடுவீர்கள், நான் என் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன், கப்பலில் சாப்பாட்டு மேசையில் தினமும் புதிதாக யாராவது பேசக் கிடைத்தார்கள்” என்கிறார். அவருக்கு 74 வயது. முழங்கால் திடமாக இருக்கிறது, மாத்திரை ஒன்றே ஒன்று, இரவில் எழுந்திருப்பதில்லை. அவர் சொல்வது அவர் வரையில் சரி. பிள்ளைகள் இணையத்தில் பணம் கட்டிவிட்டுப் பிறகு பெற்றோருக்குச் செய்தி சொல்லும் வழக்கத்தை மாற்றி, போகிறவரையே முதலில் கேட்க வேண்டும் என்பதற்கு எங்கள் ஒரு குடும்பமே போதும்.

பயண முகவர்களுக்கும் விடுதி நடத்துபவர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். மூத்தோரை அழைக்கும் விளம்பரங்களில் கேளிக்கைகளின் பட்டியலோடு, குளியலறை வாசலில் தடுப்பு உண்டா, அதன் உயரம் என்ன, கைப்பிடி உண்டா, மின்தூக்கி வேலை செய்கிறதா, பக்கத்தில் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை எவ்வளவு தொலைவு, உடல்நலமின்றிப் பயணத்தை விட்டுவிட நேர்ந்தால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பனவற்றையும் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சிட வேண்டும். விளம்பரம் வாங்கும்போது தாங்களும் இதை வலியுறுத்தலாம்.

என் நாத்தனார் வரும் பிப்ரவரியில் மும்பையிலிருந்து புறப்படும் கப்பலுக்கு முன்பணம் கட்டிவிட்டார். கேபின் குளியலறையின் தடுப்பு எத்தனை அங்குலம் என்று அவருக்காக நான் முகவருக்கு எழுதிக் கேட்டு மூன்று வாரமாகிறது. கப்பலில் நடக்கவிருக்கும் நடன நிகழ்ச்சிகளின் அட்டவணையை உடனே அனுப்பி வைத்தார்கள். அங்குலக் கணக்கு இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
மேற்கு மாம்பலம், சென்னை – 600 033.