சீப்புப் பல்லு மாதிரி தெரியுற கேலக்ஸிகள்

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி டேட்டாவுல ஆரம்பகால கேலக்ஸிகள் சீரான இடைவெளியில நிக்குதான்னு தேடுற ஆராய்ச்சிக் குழுக்களுக்கு,

வணக்கம். நான் ஆராய்ச்சியாளர் இல்ல, ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் எல்லாருக்கும் திறந்து விட்டிருக்கிற கேலக்ஸிப் பட்டியலை (கேட்டலாக்) இறக்கி லேப்டாப்ல வரைஞ்சு பார்க்கிற ஆள். போன மாசம் ரெட்ஷிஃப்ட் (ஒளி எவ்வளவு சிவப்புப் பக்கம் நீண்டிருக்குங்கிற எண், பெருசா இருந்தா தூரம் அதிகம்) 5ல இருந்து 9 வரைக்கும் எத்தனை கேலக்ஸின்னு ஹிஸ்டோகிராம் போட்டேன், மேடு பள்ளம் மேடு பள்ளம்னு சீப்புப் பல்லு மாதிரி வந்துச்சு, திரும்பத் திரும்ப வர்ற இடைவெளியைத் தேடுற ஃபூரியர் கணக்கு போட்டா ஒரு பீக் நட்டுக்குத்தலா நிக்குது, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. ஹிஸ்டோகிராம் கட்டத்தோட அகலத்தை 0.1ல இருந்து 0.13 ஆக்கினேன், பல்லெல்லாம் இடம் மாறிடுச்சு. சும்மா ரேண்டமா எண்களை உருட்டிப் போட்டாலும் அதே உயரத்துக்கு ஒரு பீக் வருது.

நிறைய மேடு கேமரா ஃபில்டர் போட்ட மேடுதான். ஸ்பெக்ட்ரம் எடுக்காம, அதாவது ஒளியை நுணுக்கமா பிரிச்சுப் பார்க்காம, வெறும் கலரை வெச்சு கணிக்கிற ரெட்ஷிஃப்ட், ஒரு ஃபில்டர் முடிஞ்சு அடுத்தது தொடங்குற இடத்துல கும்பலா குவிஞ்சிடும். 2022ல ரெட்ஷிஃப்ட் 16னு பரபரப்பா பேசினாங்களே சியர்ஸ்-93316னு ஒரு கேலக்ஸி, ஸ்பெக்ட்ரம் எடுத்ததும் 4.9க்கு இறங்கிடுச்சு.

1990 ஞாபகம் இருக்கும். பிராட்ஹர்ஸ்ட், எல்லிஸ், கூ, சாலேன்னு நாலு ஆராய்ச்சியாளர்களும் நம்ம பால்வீதியோட வட துருவம் தென் துருவம் ரெண்டு பக்கமும் ஊசி மாதிரி ஒல்லியா பார்த்து, ஹபிள் மாறிலி (பிரபஞ்சம் விரியுற வேகத்தோட அளவு) 100னு வெச்சா 128 மெகாபார்செக்குக்கு, அதாவது சுமார் 42 கோடி ஒளியாண்டுக்கு, ஒரு கேலக்ஸிச் சுவர்னு நேச்சர்ல எழுதினாங்க. அடுத்த வருஷமே கைசரும் பீகாக்கும் சொன்னது, அவ்வளவு ஒல்லியான ஊசியில குத்தினா வழியில மாட்டுற சின்னச் சின்னக் கூட்டம்கூட பெரிய அலை மாதிரி வேஷம் கட்டும்னு. வெப்போட ஆழமான படங்களும் ஊசிதான். 2005ல வானத்தைப் பெரிய அளவுல அளந்த ஸ்லோன் சர்வே ஒரு நிஜ அளவைக் காட்டுச்சு, கிட்டத்தட்ட 50 கோடி ஒளியாண்டு, ஆனா அது திரும்பத் திரும்ப வர்ற தாளம் இல்ல, கேலக்ஸி ஜோடிகளுக்கு நடுவுல இருக்கிற தூரத்தை எண்ணினா வர்ற ஒரே ஒரு லேசான புடைப்பு, அதுக்கே 46,748 கேலக்ஸி தேவைப்பட்டுச்சு.

அதனால கையெடுத்துக் கேட்டுக்கறேன், ஸ்பெக்ட்ரம் இருக்கிறதை மட்டும் எண்ணுங்க. ஸ்பெக்ட்ரம் எடுக்க எந்த கேலக்ஸிக்கு வெப்போட குட்டி ஷட்டரைத் திறந்தீங்க, எதை விட்டீங்கன்னு காட்டுற மாஸ்க்கை வெளியிடுங்க, கூடவே ஒப்பிட்டுப் பார்க்க அதே மாஸ்க்ல போட்ட ரேண்டம் கேட்டலாக்கும். எத்தனை இடைவெளி முயற்சி பண்ணினீங்கன்னும் எழுதுங்க, நூறு பார்த்துட்டு ஒண்ணை மட்டும் காட்டினா எங்களால எடை போட முடியாது. வெப்போட ஜேட்ஸ் சர்வே டேட்டா, வானத்துல குட்ஸ் வடக்கு, குட்ஸ் தெற்குன்னு ரெண்டு இடத்துல இருக்கு, தெற்குல தேடுங்க, இடைவெளியை எழுதி வெச்சுட்டு அப்புறம் வடக்கைத் திறங்க. அங்கயும் அதே இடைவெளி வந்தா நானும் ராத்திரி தூங்க மாட்டேன்.

அன்புடன்,
ஒரு வாசகன்