டிக்கெட் இல்லாமல் இருந்திருந்தால்?

ஆசிரியருக்கு வணக்கம்.

முகத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் கேமராக்கள் தில்லி முழுக்க வர வேண்டும் என்று போன இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். வரட்டும், வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எங்கள் திரிலோக்புரியில் நடந்ததையும் கொஞ்சம் கேளுங்கள்.

எங்கள் தெருவில் சைக்கிளில் இட்லி விற்கும் பையனை ஒரு நாள் சாயங்காலம் செல்போன் திருட்டு என்று சொல்லி ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். எனக்கு இந்தி சரளமாக வரும் என்பதால் நானும் கூடப் போனேன். அவர்கள் காட்டிய படம் மேலேயிருந்து எடுத்தது, தலையில் தொப்பி, மூக்குக்குக் கீழே ஒரே நிழல், மீசை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கறுப்பாக, ஒல்லியாக ஒரு ஆள், அவ்வளவுதான். இவன்தான் என்று யார் சொன்னது என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல வந்திருக்கு அங்கிள்" என்றார் இளம் காவலர் ஒருவர், ஜாதகத்தில் இருக்கிறது என்பது போல. இவன் படம் கம்ப்யூட்டருக்கு எப்படிப் போனது என்றதற்குப் பதில் இல்லை. திருட்டு நடந்த அன்று பையன் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊரிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தான், டிக்கெட் போனில் இருந்தது, அதனால் இரவு பதினொன்றரைக்கு விட்டார்கள்.

2018இல் தில்லி போலீஸ் இந்த மென்பொருளைக் கையில் எடுத்ததே காணாமல் போன குழந்தைகளைத் தேடத்தான். நல்ல காரியம், யார் குறை சொல்லப் போகிறார்கள்? ஆனால் அடுத்த வருடமே, அதன் துல்லியம் 1 சதவீதம்கூட இல்லை, ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்றுகூட அதற்குத் தெரியவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசே சொன்னது. அதற்கும் அடுத்த வருடம், 2020 தில்லிக் கலவரத்துக்குப் பிறகு, வாக்காளர் அட்டை, டிரைவிங் லைசென்ஸ் படங்களை மென்பொருளில் போட்டு 1,100 பேருக்கு மேல் அடையாளம் கண்டதாக உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் பேசினார். வண்டி ஓட்ட எடுத்துக் கொடுத்த போட்டோ சார் அது!

80 சதவீதம் ஒத்துப்போனால் ஆள் பொருந்திவிட்டதாக எடுத்துக்கொள்வோம் என்று தகவல் உரிமைச் சட்டக் கேள்விக்குத் தில்லி போலீஸ் 2022இல் பதில் சொல்லியிருக்கிறது. அதற்குக் கீழே வந்தாலும் வேறு சான்று தேடி விசாரிக்கலாமாம். அப்படியானால் அந்த எண்ணுக்கு என்னதான் மரியாதை? என் செல்போன், அதிலுள்ள போட்டோக்களில் என் மனைவியையும் மச்சினியையும் ஒரே ஆளாக அடுக்கி வைத்திருக்கிறது (வீட்டில் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்). ஆனால் அதுகூட சந்தேகம் வந்தால் "இவர் அவர்தானா?" என்று நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கிறது.

அமெரிக்காவில் டெட்ராய்ட் போலீஸ் இதே மாதிரி 2020இல் ஒருவரைத் தவறாகக் கைது செய்து, வழக்கு நடந்து, முகப் பொருத்தத்தை மட்டும் வைத்து யாரையும் கைது செய்யக் கூடாது என்று 2024இல் ஒத்துக்கொண்டது. அந்த ஒரு வரியை இங்கேயும் எழுதி வையுங்கள் என்கிறேன். கூடவே, கம்ப்யூட்டர் காட்டித்தான் உன்னைக் கூப்பிட்டோம், இத்தனை சதவீதம் என்று அந்த ஆளிடமும் கோர்ட்டிலும் சொல்லிவிட வேண்டும். மறைக்க அதில் என்ன இருக்கிறது?

பையன் மறுநாளே வியாபாரத்துக்கு வந்துவிட்டான். பழைய டிக்கெட், டீக்கடை ரசீது, எதையும் இப்போது போனிலிருந்து அழிப்பதில்லை.

ஒரு வாசகர்,
திரிலோக்புரி, தில்லி