மேட்டுக்காட்டில் தைலமரம் வேண்டாம் அண்ணா

அண்ணா,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது, மூக்கனேரிக்கு இந்த வருஷம் தண்ணீர் வந்ததா, இரண்டையும் மறக்காமல் எழுதுங்கள்.

மேட்டுக்காட்டில் குச்சிக்கிழங்கை விட்டுவிட்டுத் தைலமரம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்று சொன்னால், நீ இருக்கிற ஆஸ்திரேலியாதானே அதற்குத் தாய்வீடு என்பீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் மெக்கானிக்காக இருக்கும் கோதுமைப் பண்ணை மெரடின் பக்கம், பெர்த்திலிருந்து 260 கிலோமீட்டர் கிழக்கே. வருஷத்துக்கு 300 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை. நம்மூரில் இரண்டு மடங்குக்கு மேல் பெய்தும் ஆயிரம் அடிக்குப் போர் போட்டுப் புழுதியைப் பார்க்கிறோம். இங்கே தலைகீழ், நிலத்தடி நீர் மேலே ஏறுவதுதான் தொல்லை! காலங்காலமாகக் கடற்காற்றும் மழையும் கொண்டுவந்து சேர்த்த உப்பு மண்ணுக்கடியில் கிடந்தது. தைலமர ஜாதிகள் ஆழ வேர்விட்டு, பெய்த மழையை ஏறக்குறைய முழுக்கக் குடித்துவிட்டதால் அது கீழேயே இருந்தது. காட்டை அழித்துக் கோதுமை போட்டார்கள். அது ஆறு மாசப் பயிர், மிச்சத் தண்ணீர் கீழே இறங்கி, நீர்மட்டம் ஏறி, உப்பையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. பள்ளமெல்லாம் வெள்ளை பூத்து, பட்ட மரங்கள் நிற்கும். இந்த மேற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் மட்டும் பத்து லட்சம் ஹெக்டேராவது இப்படிக் கெட்டிருக்கிறது.

வுட் என்ற ரயில்வே இன்ஜினியர் 1924-லேயே இதை எழுதிவிட்டார், காடு அழிந்தால் ஓடையும் உப்பாகிறது, மண்ணும் உப்பாகிறது என்று. யார் கேட்டார்கள்? அதற்கப்புறம்தான் வருஷத்துக்குப் பத்து லட்சம் ஏக்கர் காட்டை அழித்து விளைநிலமாக்குவோம் என்று அரசாங்கமே கிளம்பியது.

இப்போது வெட்டின மரத்தையே வரிசையாக நட்டு நடுவில் விதைக்கிறார்கள். உப்பு ஏறிய இடத்தில் சால்ட்புஷ் என்ற செடியை வைத்து ஆடு மேய்க்கிறார்கள். உப்பு ஏறாத இடத்தில் தண்ணீரை உறிஞ்ச நம் குதிரைமசாலும் உண்டு. கெட்ட நிலம் முழுக்கத் திரும்பும் என்று எங்கள் முதலாளியே நம்பவில்லை. உழவும் கிடையாது, அறுத்த தாளை விட்டுவிட்டு அதற்குள்ளேயே விதைக்கிறார்கள், இல்லாவிட்டால் காற்று மேல்மண்ணை வாரிக்கொண்டு போய்விடும்.

இங்கே தண்ணீரை உறிஞ்ச மரம் தேடுகிறார்கள், நமக்குத் தண்ணீர் கீழே இறங்க வேண்டும், அதனால்தான் தைலமரம் வேண்டாம் என்கிறேன். மலையிலிருந்து வரும் தண்ணீரை நம் மேட்டுக்காட்டிலேயே நிறுத்துங்கள். சரிவுக்குக் குறுக்கே வரப்பு, உழவும் குறுக்கே, வரப்போரம் வேம்பும் புங்கனும் போதும். கிழங்கு பிடுங்கிய மண் பொலபொலவென்று கிடக்கும்போது மழை அடித்தால் அத்தனையும் ஓடைக்குத்தான், அதனால் இடையிடையே துவரை விடுங்கள். போர் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் அந்தப் பணத்தில் ஜேசிபி வைத்து வரப்பைப் போடுங்கள், குறைந்தால் நான் அனுப்புகிறேன்.

தம்பி