பாப்பாவுக்கு, நீல விளக்கு பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாகிவிட்டது. டிவி நன்றாகத் தெரிகிறதாம், சீரியலில் வருகிறவர்களின் மேக்கப்பைப் பற்றிக் குறை சொல்கிற அளவுக்குத் தெரிகிறது. ஆபரேஷன் அன்றைக்கு நீ கூப்பிடுவாய் என்று போனைத் தலையணைக்குக் கீழேயே வைத்திருந்தாள். வேலை இருந்திருக்கும். இருக்கட்டும்.

வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுந்துவிடுகிறது, அப்புறம் பதில் வருவதில்லை. கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

நீ கொடுத்துவிட்ட சாக்லேட்டும் ஸ்வெட்டரும் வந்து சேர்ந்தன. நம் ஊர் வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்டுக்கொண்டே அதைப் போட்டுக்கொண்டு அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்க் காட்டிவிட்டு வந்தாள். உன் தோழிதான் கொண்டுவந்தாள். நல்ல பிள்ளை. அவளிடம் சும்மாதான் கேட்டேன், லேப் எல்லாம் எப்படிப் போகிறது என்று. அவள் உன் அம்மா முகத்தைப் பார்த்தாள், பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டாள். காபி அப்படியே ஆறிக் கிடந்தது. நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கப் போவதில்லை. ராத்திரி நேரத்துக்குச் சாப்பிடு, அது போதும்.

இந்த வருடமும் அம்மன் கோவில் கொடைக்கு லைட் செட் நமக்குத்தான். முகப்பில் இருபது அடிக்கு மயில் நிற்கிறது. கடைப் பையன் ஒரே நாளில் கட்டிவிட்டான். எல்லாம் எல்.இ.டி. ஸ்விட்சைப் போட்டால் நீலம் கண்ணைப் பறிக்கிறது. அவனுக்கு அதில் ஒரு ஆச்சரியமும் இல்லை. நானும் உன் சித்தப்பாவும் இதே மயிலைக் கட்டப் பட்ட பாடு அவனுக்கு எங்கே தெரியும்? பல்பை ஒவ்வொன்றாக நிற லேக்கரில் முக்கிக் காய வைப்போம். சிவப்பும் மஞ்சளும் ஜொலிக்கும். நீலம் மட்டும் எரிந்தும் எரியாத மாதிரி இருக்கும். இழை பல்பில் நீல வெளிச்சம் பிறப்பதே குறைவு, மற்ற நிறங்களை லேக்கர் விழுங்கிவிட்டால் மிச்சம் சூடுதான். ஜெனரேட்டர் முக்கும், மயில் கழுத்து கறுப்பாகத் தெரியும். அதனால்தான் சித்தப்பா எந்த ஊர்க் கமிட்டி வந்தாலும் முருகனை விட்டுவிட்டுப் பிள்ளையாரைக் கட்டலாம் என்று பேசிப் பார்ப்பார்.

போன தடவை நீ வந்தபோது மொட்டை மாடியில் உட்கார்ந்து இதைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தோம். சிவப்பு எல்.இ.டி-யை அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் 1962-இல் எரியவைத்தார் என்றாய். பச்சையும் மஞ்சளும் அப்புறம் வந்தன. கண் கூசும் நீலம் வர 1993 ஆனது. அந்த முப்பது வருடத்தில் நடந்ததைத் தேடித் தேடிப் படித்தேன். புரியாத இடத்தில் கடைப் பையனை போனில் படம் போட்டுக் காட்டச் சொன்னேன். உன் படிப்பைப் பற்றி உனக்கே எழுதுகிறேனே என்று சிரிக்காதே.

நீல வெளிச்சம் தரக்கூடிய படிகம் காலியம் நைட்ரைடு. அதைத் தொட்டால் உருப்பட முடியாது என்றுதான் எழுபதுகளிலிருந்து பேச்சு. அமெரிக்காவில் ஆர்.சி.ஏ கம்பெனி முயன்று பார்த்து மங்கலான வெளிச்சம்வரை கொண்டுவந்து, கைவிட்டுவிட்டது. அந்தப் படிகத்தை வளர்க்க அதற்குப் பொருந்தும் தளமே கிடையாது. சஃபையர் தட்டின்மேல் வளர்த்தால் இரண்டின் அணு இடைவெளிக்கும் சுமார் 16 சதவீத வித்தியாசம். ஒரு அளவுச் செங்கல் வரிசைமேல் வேறு அளவுக் கல்லை மூட்டுக்கு மூட்டு சேர்த்துக் கட்டச் சொன்னால் கொத்தனார் என்ன செய்வார்? அப்படித்தான். வெடிப்பும் சொரசொரப்புமாகவே வந்தது.

ஜப்பானில் நகோயாவில் பேராசிரியர் அகாசாகி மட்டும் விடவில்லை. அவரிடம் மாணவராகச் சேர்ந்த அமானோ 1500 தடவைக்கு மேல் வளர்த்துப் பார்த்து அத்தனையும் வீணானது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1985-இல் ஒரு நாள் உலை சரியாகச் சூடேறவில்லை. ஆயிரம் டிகிரிக்கு மேல் போக வேண்டியது போகவில்லை. வேறு ஆளாக இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். இவர் அந்தக் குறைந்த சூட்டிலேயே அலுமினியம் நைட்ரைடை மெல்லிய படலமாகப் போட்டார், பிறகு சூடு ஏறியதும் அதன்மேல் காலியம் நைட்ரைடை வளர்த்தார். கண்ணாடி மாதிரி வந்தது. இந்த இடத்தைப் படித்தபோது உன் ஞாபகம்தான். பத்தாவது படிக்கும்போது ரெகுலேட்டர் கெட்டுப்போன மிக்ஸியை வைத்துக்கொண்டு நீ என்னவெல்லாம் செய்தாய். அம்மா இன்னும் அந்தக் கறையைத் துடைக்கவிடவில்லை.

அப்புறமும் முடியவில்லை. எல்.இ.டி எரிய எலக்ட்ரான் கூடுதலான படிகத்தோடு எலக்ட்ரான் குறைந்த படிகமும் ஒட்டியிருக்க வேண்டும். இந்த இரண்டாவதுதான் பி-டைப், அது வரவே வராது என்றார்கள். மக்னீசியம் கலந்தும் பலனில்லை. துத்தநாகம் கலந்த துண்டை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்துப் பார்க்கும்போது வெளிச்சம் கூடுவதைக் கவனித்தார்கள், மக்னீசியம் கலந்த துண்டின்மேலும் அப்படியே எலக்ட்ரானைப் பாய்ச்சியதில் 1989-இல் பி-டைப் கிடைத்தது. ஏன் கிடைத்தது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. ஹைட்ரஜன் போய் மக்னீசியத்தைக் கட்டிப்போட்டிருக்கிறது, வெறுமனே சூடுபடுத்தினாலே அது விட்டுப் போய்விடும் என்று சில வருடம் கழித்து நாகமுரா என்ற இன்னொரு ஜப்பானியர் காட்டினார்.

அந்த நாகமுராதான் எனக்கு நெருக்கமாகத் தெரிகிறார். பெரிய ஊர்க்காரர் இல்லை. ஷிகோகு தீவில் நிச்சியா என்ற கம்பெனியில் வேலை. டியூப் லைட்டுக்கு உள்ளே பூசுகிற வெள்ளைப் பொடி இருக்கிறதே, அந்த மாதிரிச் சரக்கு செய்கிற கம்பெனி. குவார்ட்ஸ் குழாயைத் தானே பற்றவைத்து, தானே உலை கட்டி, அது அடிக்கடி வெடித்து, பத்து வருடம் செய்த சரக்கு எதுவும் சரியாக விற்கவில்லை. 1988-இல் அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்குப் படிகம் வளர்க்கக் கற்றுக்கொள்ளப் போனார். டாக்டர் பட்டம் இல்லை என்பதால் அங்கே இவரை எடுபிடி மாதிரி நடத்தினார்களாம். திரும்பி வந்து காலியம் நைட்ரைடை ஏன் எடுத்தார் தெரியுமா? ஜெயிக்கும் என்று நம்பி இல்லை. அதில் போட்டி குறைவு, கட்டுரை எழுத இடம் இருக்கிறது, எப்படியாவது ஒரு பட்டம் வாங்கிவிடலாம் என்றுதான். அவரே சொன்னது. எனக்கு இதைப் படித்ததும் அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது. காலையில் உலையைப் பிரித்து மாற்றுவார், மதியம் ஓட்டிப் பார்ப்பார். மீட்டிங் போகமாட்டார், போன் எடுக்கமாட்டார். கம்பெனி நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. 1993 நவம்பரில் நீலம் வந்தது. 2014-இல் மூன்று பேருக்கும் நோபல்.

போன் எடுக்காததை மட்டும் நீ அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டாம்.

சரி, இப்போது நான் எழுத வந்ததற்கு வருகிறேன். இந்தக் கதையை யார் சொன்னாலும் விடாமுயற்சி என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. அதே சமயத்தில் இன்னொரு கூட்டம் இருந்தது, ஜிங்க் செலினைடு என்ற வேறு படிகத்தில் நீலத்தைத் தேடியவர்கள். அறிவாளிகளில் பெரும்பாலோர் அந்தப் பக்கம்தான் இருந்தார்கள், காரணமும் சரியான காரணம். காலியம் ஆர்சனைடு தட்டின்மேல் வைத்தால் வித்தியாசம் 0.3 சதவீதம்கூட வராது, படிகம் சுத்தமாக வரும். 1992-இல் ஜப்பானில் நடந்த ஒரு மாநாட்டில் ஜிங்க் செலினைடு பேச்சுக்கு ஐந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், காலியம் நைட்ரைடுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்று நாகமுரா சொல்கிறார். அவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. 1991-லேயே த்ரீ எம் கம்பெனியில் நீலப்பச்சை லேசரை எரியவைத்துவிட்டார்கள். ஆனால் நிலைக்கவில்லை. அந்தப் பொருள் மென்மையானது, கொஞ்சம் குறை இருந்தாலும் எரிய எரிய அது பரவிக் கெட்டுப்போகும். காலியம் நைட்ரைடிலோ ஒரு சதுர சென்டிமீட்டரில் நூறு கோடிக் குறைகள், அது பாட்டுக்கு எரிகிறது. இத்தனை குறையோடு ஏன் எரிகிறது என்ற விளக்கத்தை எரிந்த பிறகு உட்கார்ந்து தேடினார்கள்.

அந்த ஐந்நூறு பேரில் சோம்பேறி யாரும் இருந்திருக்கமாட்டார். ராத்திரி பகலாக உலைக்குப் பக்கத்தில் கிடந்தவர்கள்தான் அவர்களும். அவர்களுக்கும் அப்பா அம்மா இருந்திருப்பார்கள், ஏதோ ஒரு தெருவில் யாரோ அவர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். கல் அப்படி அமைந்தது, அவ்வளவுதான். இதை எந்த வீடியோவிலும் யாரும் சொல்வதில்லை. நானாகத்தான் யோசித்தேன், தப்பாக இருந்தால் சொல்லு.

நீ முன்பெல்லாம் உன் மெஷினைப் பற்றித்தான் பேசுவாய். கேஸ் லைன் அடைத்துக்கொண்டது, தட்டு வெடித்துவிட்டது, பம்ப் சத்தம் போடுகிறது என்று. அம்மா, இவள் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுகிறாளே என்பாள். இப்போது போன் செய்தால் நல்லா இருக்கேன்பா என்கிறாய், அங்கே மழையா என்றால் மழை என்கிறாய். பொங்கலுக்குப் பேசியபோது பின்னால் பம்ப் சத்தமே கேட்கவில்லை. லைட் கட்டுகிறவனுக்கு மோட்டார் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று போனிலேயே தெரியும்.

நான் எதுவும் கேட்கவில்லை என்றேன் அல்லவா, அது அப்படியே இருக்கட்டும்.

ராத்திரி சாப்பிடு. பிரெட்டை மட்டும் தின்றுவிட்டுப் படுக்காதே. பருப்புப் பொடி தீர்ந்திருக்கும், அனுப்புகிறோம். லேபிலேயே தூங்காதே. அல்லது லேபுக்கே போகவில்லை என்றால் அறையிலேயே அடைந்து கிடக்காதே, கொஞ்சம் வெளியே நட. அங்கே வெளிச்சம் கம்மியான காலம் இது, அது மனதைப் பிடிக்கும் என்கிறார்கள்.

பெரியத்தை வந்திருந்தாள். அவள் மகனுக்குப் பெங்களூரில் வீடு வாங்கிவிட்டார்களாம், மூன்று தடவை சொன்னாள். என் மகள் செய்கிற வேலையின் பெயரையாவது உங்கள் மகன் ஒழுங்காகச் சொல்லட்டும் என்று உன் அம்மா கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் பேச்சே ஓடவில்லை. நீ பட்டம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தப் பதில் மாறாது. தெருவில் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், கமிட்டிக்காரர்களை நாற்பது வருடம் சமாளித்த வாய் இது. பேங்க் கடனும் என் தலைவலி. வட்டி ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது, அதைக் கணக்குப் போட்டு நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். போன மாதம் நீ அனுப்பியது எப்போதும் அனுப்புவதைவிட அதிகமாக இருந்தது. எதற்கு? சாப்பாட்டில் மிச்சம் பிடித்தாயா? அதை அப்படியே தொடாமல் வைத்திருக்கிறேன்.

அந்தப் பணத்தில் டிக்கெட் எடு. கொடை வருகிற மாதம், கால் நாட்டிவிட்டார்கள். போகவர இரண்டு பக்கமும் சேர்த்தே எடு. திரும்பிப் போவதா வேண்டாமா என்பதை இங்கே வந்து இட்லி தின்றுகொண்டு முடிவு பண்ணலாம். போனால் பருப்புப் பொடி கட்டித் தருகிறேன், போகாவிட்டால் அந்த டிக்கெட் காசு போகட்டும். உன் கைடிடம் லீவு கேட்க வேண்டுமென்றால் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லு. எனக்குச் சுகர் இருக்கிறது, அது பொய் ஆகாது.

கூப்பிடுவதாக இருந்தால் நம் நேரம் ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூப்பிடு. அதற்கு முன்னால் மைக் செட் ஓடிக்கொண்டிருக்கும், ஒன்றும் கேட்காது. அம்மாவிடம் முதலில் பேசு, இந்தக் கடிதத்தைப் பற்றி அவளிடம் சொல்லாதே. பிள்ளையைத் தொந்தரவு பண்ணாதீர்கள் என்று எனக்கு உத்தரவு.

இப்படிக்கு,
அப்பா

வரும்போது ஸ்வெட்டர் எதுவும் வாங்கி வராதே. கடைப் பையன் உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமாம். மின்சாரத்தை வெளிச்சமாக்குவதில் பச்சை எல்.இ.டி ஏன் நீலம் அளவுக்கு வருவதில்லை என்று. எனக்குத் தெரியவில்லை, அக்கா வந்து சொல்லுவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.