முதியோர் உணவுக்கூடத் திருப்பணி: நிர்வாகக் குழுவினருக்கும் தொண்டர்களுக்கும் நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வர்த்தில் நாம் நடத்திவரும் முதியோர் உணவுக்கூடத்தின் கூரையையும் சமையலறையையும் புதுப்பிக்க 640,000 ராண்ட் தேவை. இதுவரை சேர்ந்தது 412,000, குறைவது 228,000. ஒப்பந்தக்காரர் எழுதித் தந்த விலை பிப்ரவரி 28 வரைதான் செல்லும். அதற்குள் வேலையைத் தொடங்காவிட்டால் உணவுக்கூடங்களுக்கு நகராட்சி வழங்கும் தகுதிச் சான்றிதழை இழக்க நேரிடும்; அது இல்லாமல் ஒருவேளைச் சோறுகூடச் சட்டப்படி பரிமாற இயலாது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பன் துறைமுகத்தில் வந்திறங்கிய 342 பேரும், அவர்களுக்குப் பின் வந்தோரும், மாதம் பத்து ஷில்லிங் கூலிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்துத்தான் மாரியம்மனுக்கும் முருகனுக்கும் தகரக் கொட்டகையில் கோயில் எழுப்பினார்கள். பிள்ளைகளுக்குப் போதிய பள்ளிகளை அரசு கட்டித் தராதபோது, வீடுவீடாகப் பணம் திரட்டி, மானியத்தையும் விடாமல் கேட்டுப் பெற்று, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதி முழுவதும் பள்ளிகளைக் கட்டினார்கள். மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய குழுப் பகுதிச் சட்டத்தின்கீழ் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து அகற்றப்பட்டு 1960களில் இங்கே குடியேறிய குடும்பங்களின் மூத்தோர்தாம் இன்று நம் பந்தியில் அமர்கிறார்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் ரொட்டிக்கும் பாலுக்கும் மக்கள் வரிசையில் நின்றபோதும், மறு ஆண்டு ஏப்ரல் வெள்ளம் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோதும் நம் அடுப்பு அணையவில்லை.

செலவு விவரம்: கூரைத் தகடும் மின்கம்பி வேலையும் 240,000, எரிவாயு அடுப்பு, புகைபோக்கி, குளிர் அறை 180,000, முதியோர்க்கான கழிப்பறையும் சாய்தளமும் 130,000, வரைபடம், கட்டணம், எதிர்பாராச் செலவு 90,000.

இதுவரை கொடுத்தோருக்கு நன்றி கூறாமல் மேலே செல்வது முறையாகாது. சனிக்கிழமைதோறும் விடியுமுன் எழுந்து பிரியாணி சமைத்து விற்ற மகளிர் அணிக்கும், மூன்று தலைமுறையாக அரிசி மூட்டை அனுப்பிவரும் மளிகைக்கடைக் குடும்பத்துக்கும், தம் பெயரை எங்கும் எழுதக்கூடாது என்ற நிபந்தனையுடன் மாதாமாதம் வங்கி வழியாகச் செலுத்திவரும் ஓய்வுபெற்ற செவிலியர் அம்மையாருக்கும், நாற்காலி முதல் தண்ணீர்த் தொட்டி வரை இரவல் தந்த அக்கம்பக்கத்து ஜுலு தேவாலயத்தாருக்கும் எங்கள் சிரம் தாழ்ந்த நன்றி. அவர்கள் வீட்டில் அன்னம் குறைவுபடாதிருக்க அம்மன் அருள்வாளாக.

இனி நம்மைப் பற்றி. நிர்வாகக் குழுவில் பதினான்கு பேர் இருக்கிறோம்; திருப்பணிக்குத் தம் கைப்பணம் கொடுத்தோர் ஐவர். ‘உங்கள் குழுவினர் எவ்வளவு கொடுத்தார்கள்?’ என்று கடைத்தெருவில் ஒரு பெரியவர் கேட்டபோது நம் தொண்டர்களிடம் பதில் இல்லை. தொகை சிறிதாயிருப்பது குற்றமன்று. நூறு ராண்டும் கணக்கில் ஏறும். ஆனால் ஒன்றுமே கொடுக்காதவர் பிறரிடம் கேட்கப் போவது அழகல்ல என்பதால், மற்ற ஒன்பது பேரும் இம்மாத இறுதிக்குள் இயன்றதைச் செலுத்திவிட வேண்டுகிறோம்.

அடுத்து, ஒவ்வொருவரும் தம்மை அறிந்த ஐந்து குடும்பங்களின் பெயரை எழுதித் தர வேண்டும். துண்டறிக்கைக்கு அசையாதவர் நேரில் வந்த உறவினருக்கு அசைவார். இருவராகச் செல்லுங்கள், ஒருவர் பேசட்டும், மற்றவர் செலவு விவரத்தைக் காட்டட்டும். தொகையைக் குறிப்பிட்டே கேளுங்கள். ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்று முடித்தால் ஐம்பது ராண்டுடன் திரும்புவோம். அம்மனுக்கு நேர்ந்துகொண்டு மடிப்பிச்சை ஏந்திய பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு ஒரு தொலைபேசி அழைப்புக்கு நா எழவில்லை என்றால் யாரை நோவது? கேட்கக் கூச்சப்படுவோருக்கும் வேலை உண்டு: கொடுத்தவரை இரண்டு நாளுக்குள் அழைத்து நன்றி சொல்வது, ரசீது எழுதுவது, முதியோரைப் பார்க்க விரும்புவோரைப் பந்திக்கு அழைத்து வருவது. உண்மையில் இரண்டாம் முறை நன்கொடை கிடைப்பது பெரும்பாலும் இவர்கள் கையில்தான் இருக்கிறது.

வரி பற்றியும் தெளிவாகச் சொல்லுங்கள். கோயில் உண்டியலில் இடுவதற்கு வரிச்சலுகை இல்லை. ஏழை முதியோரைப் பேணும் நம் பணிக்கு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்கீழ் ஒப்புதல் இருப்பதால், கொடுப்பவர் வரிக்குரிய வருமானத்தில் பத்து விழுக்காடு வரை கழித்துக்கொள்ளலாம். மிகுதி அடுத்த ஆண்டுக்குச் செல்லும். தனிநபருக்கான இந்த வரி ஆண்டும் பிப்ரவரி இறுதியோடு முடிகிறது. ரசீதுக்கு அடையாள எண்ணும், வரி எண் இருந்தால் அதுவும் தேவை. பணம் வாங்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னர் துரத்துவது பெரும்பாடு. பாத்திரம், அடுப்பு போன்ற பொருளாகத் தருவதற்கும் ரசீது உண்டு, உடலுழைப்புக்கு இல்லை. தொண்டர்கள் மன்னிக்க வேண்டும், சட்டம் அப்படி.

பெயர்ப் பட்டியலையும் தங்கள் சொந்த நன்கொடை உறுதிப் படிவத்தையும் வரும் ஞாயிறு பூசைக்குப் பின் நடக்கும் கூட்டத்தில் பொருளாளரிடம் ஒப்படைக்கவும். வர இயலாதோர் வேறொருவர் வழியாக அனுப்பலாம். வெற்றுப் படிவம் மட்டும் வேண்டாம்.

இங்ஙனம்,
செயலாளர்,
திருப்பணி நிதிக் குழு, சாட்ஸ்வர்த்