'ட்ரெக்கிங்' மலையேற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மைக்காலமாக நம் பத்திரிகைகள் 'ட்ரெக்கிங்' என்பதை 'மலையேற்றம்' என்றே எழுதிவருவது பொருத்தமாகத் தோன்றவில்லை. அச்சொல்லின் வேரில் மலை இல்லை, இருப்பது மாட்டுவண்டி. 'இழு' எனப் பொருள்படும் 'ட்ரெக்கன்' என்ற டச்சு வினையிலிருந்து, டச்சிலிருந்து கிளைத்த தென்னாபிரிக்க மொழியான ஆபிரிக்கான்ஸ் வழியாக, அது ஆங்கிலத்துக்கு வந்தது. 1830களின் நடுப்பகுதி தொடக்கம், பிரித்தானிய ஆட்சியை வெறுத்த டச்சு வழிவந்த போயர் குடியானவர்கள், எருதுகள் பூட்டிய கூண்டுவண்டிகளில் குடும்பத்தையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, தென்னாபிரிக்காவின் கேப் குடியேற்றத்தை விட்டு உள்நாடு நோக்கிப் பெயர்ந்ததே 'பெரும் ட்ரெக்' எனப்படுகிறது. 'கந்தோர்' (அலுவலகம்), 'லாச்சி' (இழுப்பறை) என்று டச்சு மொழியிடம் வாங்கிய சொற்களைப் புழங்கிய நமக்கு (என் மேசை லாச்சி மழைக்காலத்தில் இழுத்தாலும் வராது என்பது வேறு கதை) இந்த 'இழுப்பு' அந்நியமன்று.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சமும் இல்லை. பழந்தமிழில் 'செலவு' என்றால் பயணம். பொருள்தேடப் புறப்பட்ட தலைவன் போகாது தயங்குவதைச் 'செலவழுங்குதல்' என்றனர். இன்று அச்சொல் காசோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் வடக்கிலிருந்து கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில், குமண, யால காடுகளினூடே நடந்துபோவோர் அதைப் பாதயாத்திரை என்கிறார்களே தவிர மலையேற்றம் என்பதில்லை. சமயச் சாயல் வேண்டாமெனில் 'நெடுநடை' என்று எழுதலாமே.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு